மகளின் படங்களும் பழைய சிங்கப்பூர் எண்ணும்

மகளின் கல்யாண விருந்துக்கு மூன்று வாரம் இருந்தது. இங்கே விருந்துகளில் கேக் வெட்டுவதற்கு முன் மணப்பெண்ணின் சிறுவயதுப் படங்களைப் பெரிய திரையில் ஓட்டுவார்கள். படங்களைத் தருவது என் பொறுப்பு. வீட்டில் எப்போதும் படம் எடுப்பவன் நான்தான். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் இணையக் கணக்கில் ஏற்றிவிட்டுப் பழைய சிடிகளைத் தூக்கிப் போட்டிருந்தேன். இடத்தை அடைத்துக்கொண்டு எதற்கு என்று நினைப்பு.

அந்த வாரம் கெலாங் பாத்தாவில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் குனிந்தபோது, சட்டைப் பையிலிருந்த கைப்பேசி லோங்காங் சாக்கடையில் விழுந்தது. மழைத் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

புதுக் கைப்பேசியில் கணக்கைத் திறக்கப் போனேன். என் எண்ணுக்கு ஒரு குறியீட்டை அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அது சிங்கப்பூர் எண். இருபது வருடம் எல்லைப் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன் நான். எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தேன். வேலையை விட்டதும் அதை ரத்து செய்தேன். கணக்கில் மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அந்த எண்ணுக்கே அழைத்தேன். இப்போது அதை வைத்திருக்கும் ஒரு பெண் எடுத்தார். உங்களுக்கு இப்போது வந்த ஆறு இலக்கங்களைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன். போலீசில் புகார் செய்வேன் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். பிறகுதான் நான் கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது.

மனைவி சிரிப்பை அடக்கவில்லை. “ஸ்கேமர்கிட்ட ஏமாறாதேன்னு பிள்ளைக்கு எத்தனை பாடம் எடுத்தீங்க. இப்ப நீங்களே ஸ்கேமர் ஆயிட்டீங்க லா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் மகளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “நீங்க மட்டுமா என்னைப் படம் எடுத்தீங்க?” என்றாள்.

குடும்ப வாட்சாப் குழுவில் அவளே கேட்டாள். குளுவாங்கிலிருந்து என் அக்கா, செனாயில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள், அவளுடைய பள்ளித் தோழிகள் என்று பலர் அனுப்பத் தொடங்கினார்கள். எதிலும் அவள் நடுவில் இல்லை. யாருடைய பிறந்தநாளிலோ ஓரத்தில் பலூனுடன் நிற்கிறாள். ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாள். ஒன்றில் பாதி முகம்தான்.

அக்கா மகனின் பிறந்தநாள் படத்தில், ஐந்து வயது மகள் ஒருவரின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் தொழிற்சாலைச் சட்டையைக் கூட மாற்றாமல் வந்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான். வேலை முடிந்து நேரே அங்கே போனது எனக்கு நினைவே இல்லை. கேமராவைப் பிடித்தே பழகியதால், என் படங்களில் நான் இருந்ததில்லை.

“இதை முதல் படமா போடலாம்பா,” என்றாள் மகள்.

விருந்தில் அதுதான் முதலில் ஓடியது.

கணக்கு இன்னும் திறக்கவில்லை. விண்ணப்பம் போட்டிருக்கிறேன், திறந்தாலும் திறக்கலாம். விருந்துக்கு மறுநாள், அங்கே படம் எடுத்தவர்கள் எல்லாரிடமும் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். ஒன்று எங்கள் அலமாரியில். மற்றொன்றைக் குளுவாங்குக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். அவர் வீட்டு வாசலில் லோங்காங்கைத் தாண்டும்போது கை தானாகச் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டது.