வெயிலூரில் ஒரு குளிர்ந்த கை

தஹ்மீனா டாக்டர் இல்லை. நரம்புப் பரிசோதனை செய்கிற டெக்னீசியன். விருதுநகரில் காசிராஜன் டாக்டரின் பரிசோதனைக் கூடத்தில் அந்த மெஷினைத் தொட அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. சிவகாசி, சாத்தூர் கிளினிக்குகளிலிருந்து சீட்டோடு வருகிறவர்கள் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மணிக்கட்டில் பேனாவால் புள்ளி வைத்து, டேப்பால் அளந்து, பசை தடவி ஒயரை ஒட்டி, சுளீரென்று ஒரு சின்ன ஷாக் கொடுப்பாள். அது விரலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பது திரையில் அலையாக எழும். தாமதமானால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அவள் எழுதுவதை நம்பித்தான் அந்தக் கிளினிக்குகளில் கத்தியை எடுப்பார்கள்.

இரண்டாயிரத்து நாலு சித்திரையில் அந்தக் கூடத்துக்கு ஏசி வந்தது. மெஷின் விற்ற கம்பெனிக்காரர் முன்பே சொல்லியிருந்தார், கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மெதுவாகத்தான் ஓடும், சூடு அளந்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும் என்று. அதற்கென்று ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்துவிட்டுப் போனார். அது மேசை டிராயரை விட்டு வெளியே வந்ததே இல்லை. விருதுநகர் வெயிலில் எவருக்கு ஐயா கை குளிரும்? அவள் அப்படித்தான் நினைத்தாள். இந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மாரிசெல்வி வந்தது அந்த மாதம்தான். நாரணாபுரத்தில் வெடிக்குத் திரி செருகுகிறவள். வலது கை மரத்து மரத்துப் போகிறது என்றாள். கையில் அப்பியிருந்த வெள்ளிநிற வெடிமருந்துக்கு வெட்கப்பட்டு, வாசல் பானைத் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஏசிக்கு நேர் கீழே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அலை தாமதமாகத்தான் வந்தது. ஆனால் நெட்டையாக, திடமாக வந்தது. நசுங்கிய நரம்பு அப்படி எழும்பாது. தஹ்மீனா அதைக் கண்டாள். கண்டும் தாமதத்தை மட்டும் எழுதினாள். வெளியே இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

ஆடியில் ஒரு நாள், மெஷினைச் சரிபார்க்கத் தன் கையிலேயே ஒயரை ஒட்டினாள். தாமதம் காட்டியது. கையைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கி மறுபடி பார்த்தாள்; சரியாக இருந்தது. பழைய ரிப்போர்ட் நகல்களைப் புரட்டினாள். அத்தனையிலும் தாமதமாக வந்த நெட்டை அலை ஒன்றே ஒன்றுதான், மாரிசெல்வியுடையது. அவளை அனுப்பிய கிளினிக்குக்குப் போன் போட்டால், ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம்.

காசிராஜன் டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நடந்தது நடந்துபோச்சும்மா. இனிமே சூடு பாத்துச் செய்யி," என்றார். அதோடு முடித்துக்கொண்டார்.

அவளால் அப்படி முடித்துக்கொள்ள முடியவில்லை. மகள் பைரோஜா பள்ளிவிட்டு வந்து கன்னத்தைத் தொட்டால், முதலில் அந்த விரல்களின் சூட்டைத்தான் பார்ப்பாள். மீன் கழுவுகையில் தன் கை சில்லிட்டால் அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கூடத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கும்போதே, கைப்பிடியில் வெள்ளிப்பொடி படிந்த கை ஒன்று கிடப்பதாகத் தெரியும். துணி எடுத்துத் துடைப்பாள். துணியில் ஒன்றும் ஒட்டாது. அவள் பயந்தாள், அதை யாரிடமும் சொல்லவும் வழியில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாரிசெல்வியே வந்து நின்றாள். சீட்டில் இப்போது இடது கை என்று எழுதியிருந்தது.

"நல்லா இருக்கீகளா டாக்டரம்மா? நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லப்போயித்தான் வலது கை தப்பிச்சுச்சு. அறுத்த பெறகு கட்டவெரலுக்குத்தான் பெலமில்ல, மடக்க வரமாட்டேங்குது. எடது கையில திரி செருகப் பழகிட்டேன். இப்ப இதுவும் மரக்குது. இதையும் அறுத்துருவோம்னு சொல்றாக."

தஹ்மீனா இடது கையைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. சூடு அளந்தாள். வாளியில் வெந்நீர் கொண்டுவந்து கையை அதில் வைக்கச் சொன்னாள். கால் மணி நேரம் கழித்துச் சோதித்தால், அலை நேரத்துக்கு வந்தது. நரம்பு நன்றாக இருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்றுமில்லை என்று எழுதினால் இந்தக் கை பிழைத்துவிடும், அந்தக் கையைப் பற்றி ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பாவி மனசு அதைத்தான் சொன்னது. ஆனால் மாரிசெல்வி ஈரக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்," என்றாள். யா அல்லா, அதை எப்படி வாங்கிக்கொள்வது?

"அக்கா, இந்தக் கைய அறுக்க வேணாம். இதுல நரம்பு நசுங்கல, மரக்குறது வேற எதுனாலயோ." வலது மணிக்கட்டைக் காட்டினாள். "அன்னைக்கு வலது கையும் இப்பிடித்தான் குளுந்து கெடந்துச்சு. நான் சூடு பாக்கல. தப்பா எழுதிட்டேன். அதையும் அறுத்திருக்கவே வேணாம்."

ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தஹ்மீனா தலை குனிந்து நின்றாள். மாரிசெல்வி தன் மணிக்கட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

"அப்ப இதையும் அந்தத் தண்ணியில வச்சுப் பாருங்கம்மா."

வெந்நீர் ஆறிப்போயிருந்தது. தஹ்மீனா மறுபடி சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள். அந்தக் கையை உள்ளே வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கை சூடேறியது.

"இப்ப கட்டவெரல மடக்கிப் பாக்கவா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.