நடுவில் இருப்பதுதான் காமன்

ஊரில் பாதி வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தவர் எலக்ட்ரீஷியனான என் வீட்டுக்காரர். எங்கள் படிக்கட்டு மட்டும் பகலிலும் கும்மிருட்டு. மேல் சுவிட்ச் உடைந்து எத்தனையோ நாளாகிறது. கேட்டால், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார்.

மாடியறையில் என் அப்பா. அம்மா போன பிறகு நான்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தேன். போன வாரம் இருட்டில் படி தவறி விழுந்தார். எலும்பு முறியவில்லை, நல்ல காலம். ஆனால் பையை எடுத்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்கும்மா பாரம்? தம்பி வீட்ல மாடி இல்ல."

தம்பி வீட்டில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. நான் போட்ட சத்தத்தில் அன்றே புது சுவிட்ச் வந்தது.

மேலே போட்டுக் கீழே அணைக்கிற வகை அது. பின்பக்கம் மூன்று திருகுகள். விளக்குக் கம்பி 'காமன்' என்ற திருகில்தான் போக வேண்டும். எது காமன் என்று பிளாஸ்டிக்கிலேயே எழுதியிருப்பான், வெள்ளையில் வெள்ளையாக, எறும்புத் தலை அளவில். இவர் படித்தால்தானே! கண்ணாடி போட்டால், "கண்ணு தெரியாதவனா கரண்ட்ல கை வைக்கிறான்?" என்று ஆட்கள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்களாம். கழுதை வயசாகியும் வீம்பு.

"நடுவுல இருக்கறதுதான் காமன். காலங்காலமா மாட்டறேன், எனக்குத் தெரியாதா?"

மாட்டினார். நான் கீழே அணைத்தேன். அப்பா மேலே தட்டினார், திரும்பத் தட்டினார். எரியவில்லை.

"விடுங்க மாப்ள. வண்டிக்குச் சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

இவர் மெயினை அணைத்துவிட்டு சுவிட்சைக் கழற்றி, சன்னல் பக்கம் போய், கையை நீட்டியும் மடக்கியும் பார்த்தார். ஒன்றும் புரிபடவில்லை போலிருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவிடம் போனார்.

"மாமா, உங்க கண்ணாடியக் கொஞ்சம் குடுங்க."

மாட்டிக்கொண்டு பார்த்தார். "அடப்பாவி! காமன ஓரத்துல கொண்டுபோய் வச்சிருக்கான்!"

தன்னையா திட்டிக்கொள்வார்? கம்பிகளை மாற்றி மாட்டினார். நான் கீழே அணைத்தேன். அப்பா மேலே தட்டினார். எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் யாரோ போனில் கூப்பிட, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு இவர் வேலைக்கு ஓடினார். வாசலில் அப்பாவின் வண்டி ஹாரன் அடித்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்த அப்பா, சட்டைப்பையைத் தடவினார்.

"கண்ணாடியப் போட்டுட்டே போயிட்டாரா?"

"ஆமாப்பா."

"சரியாப்போச்சு. கண்ணாடி இல்லாம நான் எங்கம்மா போறது? வண்டிய அனுப்பிடு."