மாத்திரைக்கு முன்பே கறுப்பு

எழுபதைத் தொட்ட வயதில் எனக்குப் பச்சரிசி தின்னும் ஆசை வந்தது. உலை வைக்கப் போகும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வேன். பிறகு ஐஸ் கட்டி. கடக் முடக்கென்று நாள் முழுக்கக் கடித்தேன். என் கணவர் அந்தோணிக்கு அது பெரிய வேடிக்கை.

"என்னா பிலோமி, இந்த வயசுல மசக்கையா? பேரப்புள்ளைங்க கேட்டா நான் என்னா சொல்றது?"

நானும் சிரித்தேன். உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோனால் இப்படிக் கண்டதைக் கடிக்கத் தோன்றும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது அரிசி டின்னைத் திறந்து திறந்து மூடினால், சிரித்ததோடு விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கெமாஸைத் தாண்டி உள்ளே தள்ளிய ஒரு செம்பனைத் தோட்டம் (பாமாயில் எடுக்கும் பனை). நான் பால்மரம் வெட்டியவள், ரப்பர் போன பிறகு செம்பனைக்கு உரம் போட்டவள். அவர் டிராக்டர் ஓட்டினார். வேலை ஓய்ந்த பிறகும் லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) இருக்க விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டிலிருந்து மாதா கெபி கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்துக்கே மூச்சு வாங்கத் தொடங்கியது. சுங்கை காடுட் ஃபேக்டரியில் வேலை செய்யும் மகள் ரோசலின் லீவில் வந்தபோது என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக இருந்தது. அன்றைக்கே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. டாக்டர் சின்ன வயசு, நம்ம பையன்தான்.

"வெஜிடேரியனா ஆன்ட்டி?"

"மாடு, பன்னி எதையும் விடறதில்ல டாக்டர்."

"எங்க இருக்கீங்க? எஸ்டேட்டா?"

ஆமாம் என்றேன். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. தோட்டம் என்றால் வெறுங்கால், வெறுங்கால் என்றால் கொக்கிப்புழு (குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு). பூட்ஸ் போட்டு வேலை செய்தவள் நான் என்று சொல்ல இடம் கிடைக்கவில்லை. பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் எழுதினார்.

"வயசானா ரத்தம் கொறையத்தான் செய்யும் ஆன்ட்டி. பயப்படாதீங்க."

எனக்குப் பயமில்லை. இருந்த ரத்தம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் குறைந்தால்கூட எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். கிழவியின் உடம்புக்கு அந்த மரியாதை கிடையாது.

அந்தோணியிடம் அவருடைய வைத்தியம் இருந்தது. தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலில் எழுந்தவளுக்கும் ஸ்டவுட்டில் (கறுப்பு பீர்) முட்டை அடித்துக் கொடுப்பார்கள். ரோசலின் பிறந்தபோதும் எனக்குக் கொடுத்தார். இப்போது மறுபடியும் சாயங்காலமானால் கிளாசோடு வந்து நின்றார்.

"மூக்கப் பிடிச்சிக்கிட்டுக் குடி பிலோமி. ரத்தம் ஊறும்."

அவர் பாசம் அதில் இருந்ததால் குடித்தேன்.

மலம் கறுத்திருந்தது. வெட்கத்தை விட்டு டாக்டரிடம் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அயர்ன் மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னால் இவர், "ஸ்டவுட் குடிச்சா அப்படித்தான் லா" என்றார். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும் கறுப்பு வேறு, தண்ணீர் ஊற்றினாலும் போகாது, நாற்றமும் வேறு. அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம். எப்படி இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மாத்திரை தீர்ந்தால் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் சுவிசேஷத்துக்கு எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அங்கே ஒரு மலாய் டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்தார். வயதானவர். ரோசலின் மொழிபெயர்க்க அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, மாத்திரை சாப்பிடறதுக்கு முன்னாடியே கறுப்பாத்தான் போச்சான்னு கேக்கறாங்க."

போயிற்று. மாத்திரைக்கும் முன்பு, ஸ்டவுட்டுக்கும் முன்பு.

மறுநாளே என்டோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு வயிற்றைப் பார்ப்பது) செய்தார்கள். இரைப்பையில் புற்றுநோய்க் கட்டி, மெல்லக் கசிந்துகொண்டு கிடந்தது. முன்பே பார்த்திருந்தால் சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் என்று சொல்ல வந்த டாக்டரம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதி எனக்குப் புரிந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஜெபிக்கவும் இல்லை.

இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். நடைபாதையில் அந்தோணி டாக்டரம்மாவை மறித்து, தனக்குத் தெரிந்த மலாயில், தான் ஊற்றிக் கொடுத்ததால்தான் இப்படி ஆனதா என்று கேட்டாராம். இல்லை என்றார்களாம். அவர் நம்பவில்லை. இன்றுவரை என் முன்னால் ஒரு கிளாசை எடுக்க அவர் கை தயங்குகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்.

கீமோதெரபியும் முடிந்தது. பிழைத்துக்கொண்டேன் என்கிறார்கள். பசி என்பது எப்படி இருக்கும் என்று மறந்துவிட்டது. காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை இருந்த நாள் இப்போது கிண்ணம் கிண்ணமாகப் போகிறது. ஒன்றைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் அடுத்ததற்கு நேரமாகிவிடும். தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் ஸ்கேனுக்கு முன்னா பின்னா என்றுதான் நினைவிருக்கிறது.

பி12 ஊசிக்காக (ரத்தம் ஊறத் தேவையான சத்து, இனி என் உடம்பு அதைச் சாப்பாட்டிலிருந்து எடுக்காது) அதே கிளினிக்குக்குத்தான் போகிறேன். போன தடவை பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தோட்டம். உதடு வெளுத்திருந்தது. கையில் ஐஸ் நிறைந்த டம்ளர். கடக் முடக்கென்று கடித்துக்கொண்டிருந்தார்.

"வெளிய போறது என்னா நிறம்?" என்றேன்.

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா கூசிப்போனார். "கறுப்புதான்கா. ரத்த மாத்திரை சாப்பிடறேன்ல, அதான்."

"மாத்திரைக்கு முன்னாடி?"

யோசித்தார். "அப்பவும் கறுப்புதான். ஏன்கா?"

"உள்ள போனதும் இதச் சொல்லு. மறக்காத."

அந்த அம்மாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள், போனார். டம்ளர் ஐஸ் கரைவதற்குள் புதுப் பொட்டலத்தோடு வெளியே வந்துவிட்டார்.

"சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள எழுதிட்டாருக்கா. இது வேற மாத்திரையாம். இன்னும் நல்லா வேலை செய்யுமாம்."

என் எண் வர இன்னும் நேரமிருந்தது. வரிசையில் காத்துக் காத்துத்தான் பாதி வயிற்றைத் தொலைத்தேன். அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். ஐஸ் டம்ளரைவிட அது குளிர்ந்திருந்தது. நர்ஸ் என்னவோ கத்தினாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"இப்பக் கேளுங்க டாக்டர்," என்றேன். "கம்ப்யூட்டரப் பாக்காம, இவங்க மூஞ்சியப் பாத்துக் கேளுங்க."