தேவகி அக்காவின் சத்தமில்லாத பெட்டி

கடைத் தொலைபேசியை எடுத்ததும் முதலில் என் காதில் விழுந்தது கடிகாரம் ஓடும் சத்தம். அப்போது காலை பத்தேகால். சின்ன காஞ்சிபுரத்தில் தேவகி அக்கா வீட்டுத் தொலைபேசிக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரம் அந்த நேரத்தில் ஓடாது. பத்து மணிக்கு அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் வாசிக்க உட்காருவார். பேசியது அவருடைய அண்ணன் வரதன். “தேவகி போயிட்டாம்மா. விடியக்காலம், தூக்கத்துலயே” என்றார்.

அக்காவை நீங்கள் எட்டு பேரும் நன்றாக அறிவீர்கள், ஆனால் குரலாக மட்டும். அவர் வாசித்துப் பதிவு செய்த வரலாற்றுப் பாடங்களைக் கேட்டுத்தான் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்தீர்கள். தேர்வு முடிந்த பிறகு இதை வாலாஜாபாத் பார்வையற்றோர் விடுதியில் உங்களுக்குப் படித்துக் காட்டுவதாக வார்டன் அம்மா சொன்னார். அதனால் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் குரலுக்குப் பின்னால் இரைந்திருக்க வேண்டிய ஒரு பெட்டியைப் பற்றி.

என் பெயர் கோமதி. என் அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். பள்ளியில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு மாமாவிடம் வந்து சேர்ந்தேன். ஸ்க்ரூ டிரைவர் கேள்வி கேட்காது.

இரண்டு வருடத்துக்கு முன் அக்கா கடைக்கு வந்தபோது கையில் ஒரு சி.டி. வைத்திருந்தார். “கொஞ்சம் போட்டுக் கேளுங்கோ” என்றார். மாமா போட்டார். முதல் உலகப் போர் பாடம். தெளிவான குரல். அதற்குப் பின்னால், மாவு மில்லுக்கு அடுத்த வீட்டில் உட்கார்ந்து கேட்பதுபோல் ஒரு இரைச்சல்.

“நான் வாசிக்கறேன். உங்க கடையில வாங்கின பொட்டியும் கூடவே வாசிக்கறது” என்றார் அக்கா.

“ஃபேன் ஓடிக்கினுதாம்மா இருக்கும். இல்லாங்காட்டி உள்ள வெந்துபூடும்” என்றார் மாமா. “சத்தமே வரக்கூடாதுன்னா சிலேட்டுதான் வாங்கணும்.”

“சிலேட்டுல குச்சி கீச்சுங்கும்.”

நான் மேசைக்குப் பின்னால் இருந்தேன். என்னை அறியாமல் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். “அந்தப் பொண்ணு என்னமோ சொல்றாளே” என்று அக்கா திரும்பினார். மாமாவும் திரும்பினார். வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “சின்ன ஃபேன் வேகமா சுத்துறதாலதான் கத்துது. பெரிய ஃபேனா போட்டு மெதுவா சுத்த விட்டா காத்து அதே அளவு வரும், சத்தம் வராது.”

“பேசத் தெரியுமா இதுக்கு?” என்றார் மாமா.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இதயத்தில் வால்வுக் கோளாறு. கூரியர் அலுவலக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்கு என்று எடுத்து வைத்திருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் அக்கா வந்து, புதிதாகப் பூட்டப்போகும் பெட்டிக்கான கேபினெட்டுகளை ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், பானை வாங்குகிறவர் மாதிரி. மெல்லிய தகடு எல்லாம் கிணுகிணுத்தது. மாமா தன் கடையின் பெருமையான ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் கண்ணாடி, உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு. “என்னப்பா இது, கருட சேவைக்குப் பந்தலா?” என்றார் அக்கா. மாமாவுக்குக் கோபம் வரவில்லை. சிரித்துவிட்டு விளக்கை அணைத்தார்.

பரணில் ஒரு கறுப்புப் பெட்டி யாரும் கேட்காமல் கிடந்தது. உயரம் குறைவு, தகடு கனம், முகப்பில் எந்த அலங்காரமும் இல்லை. ஆனால் பின்பக்கத்தில் உள்ளங்கை அகல ஃபேனுக்கு இடம் இருந்தது. அதைத் தட்டியபோது ‘தொம்’ என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றது. “இது வாயாடி இல்லை” என்று அக்கா அதை எடுத்துக்கொண்டார்.

அடுத்தது மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். மாமா வழக்கமாகப் போடுவதில் நானூற்றைம்பது வாட் என்று பெரிதாக அச்சடித்திருக்கும். கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கும். நான் முந்நூறு வாட் போட்ட வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். செங்கல் கனம் கனத்தது. அடியில் அகலமான ஃபேன். “குறைச்சலா எழுதியிருக்கே?” என்று அக்கா கேட்டார். “இந்தப் பொட்டி குடிக்கிறதே அதுல பாதிக்குள்ளதாங்க்கா. ரொம்ப இழுத்தாதான் சூடாகும், சூடானாதான் ஃபேன் கத்தும்” என்றேன். அவ்வளவு நீளமாக ஒரு வெளியாளிடம் நான் அதுவரை பேசியதில்லை.

சூடு குறைவான பிராசஸராகத் தேர்ந்தெடுத்தோம். அதன் மேல் சூட்டை இழுத்துக்கொள்ளும் உயரமான ஹீட் சிங்க் வைத்து, அதற்கான ஃபேனுக்குப் போகும் கம்பியில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து வேகத்தைக் குறைத்தேன். ஹார்ட் டிஸ்கின் அதிர்வு தகட்டில் ஏறாமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஸ்க்ரூவுக்கு நடுவில் வாஷராகப் போட்டேன். பெட்டியைப் போட்டுவிட்டு மாமா தன் காதை அதில் வைத்துப் பார்த்தார். “ஓடுதா, செத்துப்போச்சா?” என்றார்.

அக்கா வீட்டில் வைத்துப் பதிவு செய்து போட்டுக் கேட்டோம். இரைச்சல் போய்விட்டது. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் நடுவில் மெல்லிய ஒரு சத்தம், கிழிந்த துணி அசைவது போல. நான் பதறி ஃபேனைத் தொட்டேன். அக்கா என் கையை விலக்கினார். “அது ஃபேன் இல்லை. என் மூச்சு. இத்தனை நாள் உங்க பொட்டி அதை மறைச்சுண்டு இருந்தது.” அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் முகத்தை மைக்கிலிருந்து திருப்பி மூச்சு விட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டார். “கண்ணால படிக்கிறவா ஒரு வார்த்தையை விட்டா திரும்பிப் போய்ப் பார்த்துப்பா. காதால படிக்கிறவாளுக்கு நான் முழுங்கினது முழுங்கினதுதான்” என்பார்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பட்டுத் தறி இருக்கிறது. தறியில் பாவு ஏறியிருக்கும்போது அந்த அறையில் மின்விசிறி போடமாட்டோம். ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளிப்போம். காற்றுப் பட்டால் பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும். வேலை நிறுத்தியதும் தூசி படாமல் பழைய வேட்டியால் பாவை மூடிவிடுவோம். நல்ல பொருளை இப்படித்தான் பாதுகாக்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

போன மார்கழியில் பெட்டியைத் துடைக்கப் போனபோது, தெருப் புழுதி பின்பக்கத் துவாரங்களில் படிந்திருந்தது. துடைத்துவிட்டு, வரதன் அண்ணனின் பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, முகப்பை மட்டும் விட்டுவிட்டு மூன்று பக்கமும் சுற்றினேன். ஜன்னல் காற்றுப் படாத மூலையில் மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன். கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பெட்டிக்குக் காற்றுப் போக வழி வைக்கிற கை அது. அந்த வீட்டில் அது தறிக்காரியின் கையாக மாறிவிட்டது. இன்னும் சத்தம் குறைந்திருக்கிறது என்று பெருமை வேறு.

பனிக்காலம் வரை ஒன்றும் ஆகவில்லை. மாசியில் வெயில் ஏறியதும் ஒரு நாள் அக்கா கடைக்குப் பேசினார். “கோமதி, பொட்டி தூங்கிடுத்து. எழுப்பினா முழிச்சு மறுபடி தூங்கறது.”

நான் போய்த் தொட்டபோது தகடு தோசைக்கல்லாக இருந்தது. வேட்டியை உருவியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. துணியின் ஓரம் உள்ளே இழுக்கப்பட்டு ஃபேன் நின்றிருந்தது. அக்கா அடுப்பங்கரையில் இருந்தார். வேட்டியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன்.

“என்ன ஆச்சு?” என்று வந்து கேட்டார்.

“கரண்டுக்கா. ஏறி ஏறி இறங்குது.”

“அப்படியா” என்றார்.

பெட்டி ஆறியபின் எழுந்தது. இந்த வருடப் புத்தகத்தில் அதுவரை முடித்திருந்த எட்டுப் பாடங்களும் பத்திரம். ஆனால் அன்று திறந்திருந்த ஒன்பதாம் பாடத்தின் ஃபைல் மட்டும் திறக்கவே இல்லை. அதில் நான்கு நாள் வாசித்த பாதிப் பாடம் இருந்தது. அந்தச் சமயம் அவரால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் முடிந்தது. உங்கள் தேர்வுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அக்கா புத்தகத்தை அந்தப் பாடத்தின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். புது ஃபேன் போட்டேன், பெட்டியை மேசை மேல் காற்றோட்டமாக வைத்தேன். ஆனால் என் வாயிலிருந்து அந்த உண்மை மட்டும் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தேன். அப்படியே நாள் போய், அன்று காலை தொலைபேசி வந்தது.

சடங்குகளின்போது நான் அந்த வீட்டு வாசலிலேயே நின்றேன். நாலு நாள் மூச்சை என்னால் வீணாக்கினார், அதனால்தான் போய்விட்டாரோ என்ற நினைப்பு நெஞ்சைவிட்டு நகரவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் வரதன் அண்ணன் கூப்பிட்டார். “கடைசிப் பாடத்தை முந்தின நாள்தான் முடிச்சா. அது சரியா விழுந்திருக்கான்னு பார்த்துச் சொல்லும்மா. பசங்களுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு.” பெட்டியைப் போட்டேன். சத்தமில்லாமல் எழுந்தது. பன்னிரண்டாம் பாடம் முழுதாக இருந்தது. இருவரும் உட்கார்ந்து கடைசிவரை கேட்டோம். “பாடம் முடிந்தது” என்றது அக்காவின் குரல். ஆனால் பதிவு நிற்கவில்லை. நிறுத்த மறந்திருக்கிறார். நாற்காலி நகரும் ஓசை, டம்ளர் வைக்கும் ஓசை. அறையின் மறு கோடியில் பேசியதுகூடத் தெளிவாகக் கேட்டது. இரைகிற பெட்டியாக இருந்திருந்தால் ஒரு வார்த்தையும் விளங்கியிருக்காது.

“முடிஞ்சுதா?” இது வரதன் அண்ணன்.

“பன்னெண்டும் ஆச்சு.”

“ஒன்பதாவதை ரெண்டு தடவை வாசிக்காம இருந்தா போன வாரமே முடிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு என் வேஷ்டியைச் சுத்தி வெச்சு…”

“அண்ணா, அதை அவகிட்டக் கேட்டுடாதே. புஸ்தகத்துல ரெண்டு தாள் ஒட்டிண்டு இருந்ததைப் பார்க்காம நான் தாண்டி வாசிச்சிருந்தேன். எப்படியும் முதல்லேர்ந்து வாசிக்க வேண்டியதுதான். பொட்டி நின்னப்போ எனக்கு ‘அப்பாடா’ன்னு இருந்தது.”

“அதை அவகிட்டச் சொல்றதுதானே?”

“சொன்னா வேஷ்டி விஷயம் எனக்குத் தெரியும்னு தெரிஞ்சுடும். ஏற்கெனவே எறும்பு மாதிரி பேசறவ. கரண்டுன்னு சொன்னா, சரின்னுட்டேன். தறியை மூடற மாதிரி மூடியிருக்கா. பொட்டிக்குக் குளிரும்னு நெனச்சுட்டாளோ என்னமோ.” பிறகு சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. “பாவம், கரண்டுக்குத்தான் கெட்ட பேர்.”

அதோடு பதிவு நின்றது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது மூச்சு. ஒரு மாதமாகப் பாதி பாதியாக விட்டுக்கொண்டிருந்த மூச்சு முழுதாக வெளியே வந்தது.

“வேட்டி சுத்துனது நான்தாண்ணா” என்றேன்.

“அதான் இதுலயே இருக்கேம்மா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் வரதன் அண்ணன். பிறகு, “இந்தப் பேச்சை வெட்டிடு. பாடத்துல பசங்களுக்கு எதுக்கு இதெல்லாம்” என்றார்.

“அவங்க அக்கா சிரிச்சுக் கேட்டதே இல்லண்ணா. இருக்கட்டும்.”

அவர் தலையாட்டினார். வெட்டாமல் எட்டு சி.டி. எழுதினேன். ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுச் சரிபார்த்து, உறையில் போட்டு, மதியம் வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன்.