எட்டாவது பி-க்குப் பாட்டு பீரியட்

பாட்டு வகுப்பில் சத்தம் வரக்கூடாது என்று சட்டம் போட்ட பள்ளிக்கூடத்தில்தான் சுலோசனா பாட்டு டீச்சராக இருக்கிறாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் முதலில் சிரித்தாள். இரண்டாவது மாடியின் கோடியில் இருக்கிறது மியூசிக் ரூம். அதற்குப் பக்கத்து அறை பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு. பொதுத்தேர்வு என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் சாமி ஊர்வலமே வேறு தெரு வழியாகத்தான் போக வேண்டும். பாட்டு டீச்சர் எம்மாத்திரம்?

அதனால் இருபது கீபோர்டுக்கும் ஹெட்போன் வாங்கிப் போட்டார்கள். ஒரு கீபோர்டுக்கு இரண்டு பிள்ளைகள். வாசிப்பது வாசிப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். வாசலில் நின்று பார்த்தால் நாற்பது பிள்ளைகள் தலையை ஆட்டிக்கொண்டு கட்டைகளை அமுக்குவது தெரியும். பிளாஸ்டிக் கட்டைகளின் டக் டக் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் வராது. தன்னுடைய ஹெட்போன் ஒயரை ஒவ்வொரு கீபோர்டிலும் செருகினால்தான் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று டீச்சருக்கே தெரியும். ஒரு மேசையைக் கேட்கும்போது மற்ற மேசைகள் எல்லாம் அவளுக்கு ஊமை.

சுலோசனா முதலியார்பேட்டைக்காரி. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவள் படித்த கான்வென்டில் பிரேயருக்குப் பியானோ வாசித்த சிஸ்டருக்கு மணிக்கட்டில் வலி வந்துவிட்டது. விரல் நீளமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அப்படி வந்ததுதான் சங்கீதம். பரம்பரையும் இல்லை, பக்தியும் இல்லை. பிறகு நர்சரி பள்ளிகளில் ரைம்ஸுக்குக் கீபோர்டு வாசித்தே தலை நரைத்தது. இந்தப் பள்ளியில், வீட்டில் வசதியிருக்கிற பிள்ளைக்கு மட்டும் என்று இல்லாமல், ஆறிலிருந்து எட்டுவரை எல்லாப் பிள்ளைக்கும் வாரம் ஒரு பீரியட் பாட்டும் கீபோர்டும் என்று ஆரம்பித்தபோது, முதல் ஆளாகப் போய் நின்றாள். தனக்குக் கிடைத்தது ஒருவருடைய கைவலியால். இந்தப் பிள்ளைகளுக்கு யாருக்கும் எதுவும் வலிக்காமலே கிடைக்கட்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டாள்.

அவள் குடியிருப்பது சாரம் ஏரியாவில், ஒரு மாடி போர்ஷன். கல்யாணம் அமையவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் அம்மாவின் புலம்பல் இருந்தது. அம்மா போன பிறகு டிவி இருக்கிறது. போனில் கூப்பிடுவது பெரும்பாலும் ரீசார்ஜ் பண்ணச் சொல்லும் பதிவுக் குரல்தான். அந்தக் குரலைக்கூட அவள் பாதியில் துண்டிக்க மாட்டாள்; முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பீச்சுக்குப் போவாள். அந்த நேரம் கடற்கரைச் சாலையில் வண்டி விட மாட்டார்கள், சாலை முழுக்க ஜனம். எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள். ஒரு கூட்டம் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், கூட்டத்தில் சேராத ஓர் ஆள் தேவைப்படும். தனியாக உட்கார்ந்திருக்கும் சுலோசனாவிடம் போனை நீட்டுவார்கள். அவள் நன்றாகவே எடுப்பாள். எடுத்ததும் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். "தம்பி கண்ண மூடிட்டாரு, இன்னொண்ணு எடுத்துடறேன்" என்று திரும்ப நிற்க வைப்பாள். எத்தனை குடும்பத்தின் போனில் அவள் எடுத்த படம் இருக்கிறதோ. ஒன்றிலும் அவள் இல்லை.

பள்ளிக்கூடத்திலாவது பேச்சுத் துணை இருக்கும் என்று நினைத்திருந்தாள். அதுவும் வாய்க்கவில்லை. கீபோர்டுகளுக்குக் காவல் வேண்டும் என்று அவளுடைய மேசையை மியூசிக் ரூமிலேயே போட்டுவிட்டார்கள். மதியம் கீழே இறங்கி ஸ்டாஃப் ரூமுக்குப் போய் உட்கார்ந்தும் பார்த்தாள். அங்கே எல்லோரும் பாடப் போர்ஷன் முடியாததையும் திருத்த வேண்டிய பேப்பர் கட்டையும் பற்றிப் புலம்பிக்கொண்டிருப்பார்கள். பாட்டு டீச்சருக்குப் போர்ஷனும் இல்லை, பேப்பரும் இல்லை. சேர்ந்து புலம்ப ஒன்றும் இல்லாதவளை யார் சேர்த்துக்கொள்வார்கள்? "உங்களுக்கென்ன மேடம், ஜாலி" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. கொஞ்ச நாளில் அவள் டிபன் பாக்ஸை மேலேயே திறக்க ஆரம்பித்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் கவிநிலா படியேறி வந்தாள்.

கவிநிலா எட்டாவது பி-க்குக் கணக்கு டீச்சர். முப்பது வயதுகூட இருக்காது. வாய் ஓயாது, மனசில் கள்ளம் கிடையாது. இரண்டு கப் டீயோடு வந்து பிள்ளைகளின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சுலோசனாக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. பி செக்ஷனுக்கு அல்ஜீப்ரா அப்படியே நிக்குது. இன்னைக்கி உங்க பீரியட எனக்குக் குடுக்கறீங்களா?"

பீரியட் கேட்டு வாங்குவது பள்ளிக்கூடங்களில் நடப்பதுதான். பி.டி. பீரியடும் பாட்டு பீரியடும் கேட்பாரற்ற புறம்போக்கு நிலம். கணக்கு டீச்சர்கள் வேலி போட்டுக்கொள்வார்கள். ஆனால் சுலோசனாவின் காதில் பீரியட் விழவே இல்லை. அக்கா என்ற சொல்தான் விழுந்தது. அந்தப் பள்ளியில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எடுத்துக்கம்மா, அதுக்கென்ன?" என்றாள்.

டீ முடியும்வரை கவிநிலா பேசினாள். மாமியார் மிக்சியைக் கெடுத்தது, குழந்தை ராத்திரியெல்லாம் இருமியது, மஞ்சள் புடவைக்கு எந்த ப்ளவுஸ் எடுபடும் என்பது. மணி அடித்ததும் "தேங்க்ஸ்க்கா" என்று ஓடினாள். சுலோசனாவுக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்திருந்தது.

அடுத்த புதனும் வந்தாள். அதற்கடுத்த புதனும். பிறகு சுலோசனா புதன்கிழமைக்குக் காத்திருக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டுவாள். செவ்வாய் சாயங்காலமே ரவா லட்டு பிடித்து வைப்பாள், குழந்தைக்கென்று தனியாக நான்கு. ஒரு புதன் கவிநிலா லீவு. எட்டாவது பி வரிசையாக மியூசிக் ரூமுக்கு வந்தது. சுலோசனா அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் ஏமாந்து போனாள். வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்து ஒரு டீச்சர் ஏமாந்தாள் என்றால் அது எந்த ஊர் நியாயம்? அவளுக்கும் அது உறைத்தது. உறைத்தும், எதையோ வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் ஓரம் நின்றாள்.

நவம்பர் மழைக்கு நடுவே தலைமையாசிரியை ஆதிலட்சுமி அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பேரண்ட்ஸ் டே அன்னைக்கி எட்டாவது ரெண்டு செக்ஷனும் ஹெட்போன் இல்லாம வாசிக்கட்டும். இந்த கிளாஸ் தேவையான்னு மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க. நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணட்டும்."

ஏ செக்ஷனைப் பற்றி சுலோசனாவுக்குக் கவலை இல்லை. அவர்களுடைய கணக்கு வாத்தியார் வினோத்குமார் யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர். பாட்டு டீச்சரிடம் ஒரு வணக்கம்கூட வைத்ததில்லை. அதனால் ஏ செக்ஷன் பிள்ளைகள் ஒரு வகுப்பும் தவறாமல் வந்து, இரண்டு கையாலும் வாசித்தார்கள்.

அந்த வாரம் புதன்கிழமை பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை. கவிநிலா ஹாலில் மேற்பார்வை. எட்டாவது பி வந்து உட்கார்ந்தது. சுலோசனா ஒயரை எடுத்து முதல் மேசையில் செருகினாள். ஜூனில் சொல்லிக்கொடுத்த ஐந்து சுரம், தட்டுத்தடுமாறி. அடுத்த மேசையில் அதே ஐந்து சுரம். அதற்கடுத்ததிலும் அதேதான். மேசை மேசையாகப் போனாள். விட்ட இடத்திலேயே நாற்பது பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

கடைசி மேசையில் சிந்துஜா ஒரே கட்டையை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள். குருசுக்குப்பத்துப் பெண், அம்மா கன்னியம்மாள் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள்.

"ஏம்மா, ஒரே கட்டையிலயே நிக்கற?"

"மத்ததெல்லாம் மறந்துடுச்சி மிஸ்." சிந்துஜா ஹெட்போனைக் கழற்றினாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஏ செக்ஷனுக்கு மட்டும் வாராவாரம் எடுக்கறீங்களாமே. எங்கள உங்களுக்குப் புடிக்காதா மிஸ்?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யாருக்கும் வேண்டாதவளாக ஓர் அறையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று சுலோசனாவுக்குத் தெரியாதா? அதையேதான் அவள் நாற்பது பிள்ளைகளுக்குச் செய்து வைத்திருந்தாள், ரவா லட்டோடு.

"புடிக்கும்மா" என்றாள். "யார் சொன்னா புடிக்காதுன்னு? நகந்து உக்காரு."

அடுத்த புதன் கவிநிலா இரண்டு கப் டீயோடு வந்தாள். "அக்கா, செம மழை. குழந்தைக்குத் திரும்பவும் சளி…" என்று ஆரம்பித்தாள். சுலோசனா கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நாளைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. மணி அடிக்கப்போகும் நேரம் கவிநிலா எழுந்தாள்.

"அப்ப பி செக்ஷன நான் கூட்டிட்டுப் போறேன்க்கா."

"வேணாம்மா. இன்னைக்கி நான் எடுத்துக்கறேன்."

"ஒரே ஒரு சம் பாக்கி இருக்குக்கா."

"இனிமே குடுக்க முடியாது கவி. பசங்களுக்கு ஒண்ணுமே தெரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ஆனா நீ வா. பீரியட் இல்லன்னாலும் டீக்கு வா."

"ஐயோ, வராம என்னக்கா?" என்று கவிநிலா சிரித்தாள். லட்டு டப்பாவை எடுக்க மறந்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. படியில் எதிரே பார்த்தால் "வேல சரியா இருக்குதுக்கா" என்பாள். பொய் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. முன்பு அந்த வேலையை முடிக்கத்தான் அவள் மேலே வந்தாள். அவ்வளவுதான் விஷயம். சுலோசனா சில புதன்கிழமைகள் டப்பாவை நிரப்பிக் கொண்டுவந்தாள், பிறகு விட்டுவிட்டாள். ஆனால் வகுப்பு நடந்தது. ஐந்து சுரத்துக்குள் அடங்குகிற மாதிரி அவளே ஒரு சின்ன மெட்டுப் போட்டு, மேசை மேசையாக ஒயரைச் செருகிச் சொல்லிக்கொடுத்தாள்.

பேரண்ட்ஸ் டே அன்று ஹாலில் கீபோர்டுகளை வரிசையாகப் போட்டார்கள். ஏ செக்ஷன் பிசகில்லாமல் வாசித்து இறங்கியது. பி செக்ஷன் ஒரே கையால், ஆளுக்கொரு வேகத்தில் ஆரம்பித்து, நடுவில் எப்படியோ ஒன்றாகச் சேர்ந்தது. நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கும் சத்தத்தை அவர்களே அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்கள். சிந்துஜா வாசித்தபடியே வாயைப் பிளந்தாள். சுலோசனாவின் காதில் அன்று ஒயர் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு தாளம் காட்டினாள். வகுப்பு அடுத்த வருஷமும் இருக்கும் என்று ஆதிலட்சுமி மேடையிலேயே சொன்னார்.

கூட்டம் கலையும்போது கன்னியம்மாள் மகளையும் தன் தங்கையையும் இழுத்துக்கொண்டு வந்து போனை நீட்டினாள். சுலோசனாவின் கை பழக்கதோஷத்தில் அதை வாங்க நீண்டது.

"நீ எதுக்கு டீச்சர் எடுக்கற? நீ வந்து நடுவுல நில்லு" என்றாள் கன்னியம்மாள். அந்தப் பக்கமாகப் போன கவிநிலாவிடம் போனைக் கொடுத்தாள்.

சுலோசனா நடுவில் நின்றாள். மீன்காரியின் கை அவள் தோளில் விழுந்தது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றாள் கவிநிலா. எடுத்து முடித்துப் போனைக் கொடுத்துவிட்டு, தன் வகுப்புப் பெற்றோர் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை மியூசிக் ரூமின் கதவு திறந்தது. இத்தனைக்கும் பிறகும் சுலோசனா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். எட்டாவது பி வரிசையாக உள்ளே வந்தது.

"மிஸ், எங்கம்மா போன்ல அந்தப் படம் இருக்குது" என்றாள் சிந்துஜா. "எல்லாரும் நல்லா இருக்கோம். நீங்க மட்டும் கண்ண மூடிட்டிருக்கீங்க. வூட்டுக்குப் போனப்புறந்தான் பாத்தோம்."

சுலோசனா சிந்துஜாவின் ஸ்டூலை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

"சரி, போய் உக்காரு" என்றாள். பிள்ளைகள் ஹெட்போனை மாட்டினார்கள். அறை ஊமையாயிற்று. ஒயரை எடுத்துக்கொண்டு அவள் முதல் மேசைக்குப் போனாள்.