அப்பா குறைத்து வைத்த வேகம்

அப்பாவின் பழைய கம்ப்யூட்டரைப் போட்டேன். இரைச்சலே இல்லை. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெப்ராவ் வீட்டில் இப்போது நான் மட்டும்தான்; அம்மா இறந்து வருடங்களாகின்றன.

என் சிறு வயதில் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். சனிக்கிழமைதான் வருவார். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது கூட்டாளி ஒருவர் கொடுத்த சிப். விற்பனைக்கு வருமுன் சோதித்துப் பார்க்கச் செய்யும் மாதிரி. கடைச் சிப்பில் மாற்ற முடியாதபடி பூட்டியிருக்கும் மல்டிப்ளையர், அதாவது வேகத்தை நிர்ணயிக்கும் எண், இதில் திறந்திருக்கும். அதை ஏற்றினால் வேகம் கூடும், சூடும் கூடும்; பெட்டிக்குள் இருக்கும் குட்டி விசிறி பலமாக இரையும்.

வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அதை ஏற்றுவார். பெட்டியின் மூடியைத் திறந்து, ஹாலில் இருந்த ஒரே விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுவார். எங்களுக்கு வேர்த்துக் கொட்டும்.

"அலமாக், மனுசங்களுக்குக் காத்து வேணாமாங்க?" என்பாள் அம்மா.

"அதுக்குத்தான் இப்ப காய்ச்சல் லா" என்று சிரிப்பார்.

அந்த இரைச்சல் கேட்டால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். ஞாயிறு மாலை கிளம்புமுன் மல்டிப்ளையரைக் குறைத்துவிடுவார்.

"நான் இல்லாதப்ப சூடேறிடக் கூடாதும்மா."

பிறகு வாரம் முழுக்க வீடு ஊமையாகக் கிடக்கும்.

வேலையை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்த பிறகு அவர் அதைக் குறைத்ததே இல்லை. எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "ரெண்டு நாள்ல வந்துருவேன்மா" என்றார். வரவில்லை.

இப்போது திரையில் மல்டிப்ளையரைப் பார்க்கிறேன். ஞாயிறு மாலைகளில் வைக்கும் அதே அளவில் இருக்கிறது.