ஈப்போவா, பட்டர்வொர்த்தா

எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து பாகான் செராய் ரயில் நிலையத்துக்கு சைக்கிளில் போய்விடலாம். அங்கே வடக்கே போகும் ரயிலில் ஏறினால் பட்டர்வொர்த். தெற்கே போகும் ரயிலில் ஏறினால் ஈப்போ. எழுபதுகளின் பின்பாதியில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு, அத்தனை ஆள் தேவைப்படாத எண்ணெய்ப் பனையான செம்பனையை நட ஆரம்பித்தார்கள். இனிமேல் தோட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்பது எல்லாருக்கும் புரிந்துபோனது. எந்த ஊருக்குப் போனால் பிழைக்கலாம் என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. எங்கள் வீட்டிலும் பேசினார்கள். என்னைப் பற்றித்தான் பேசினார்கள், என்னிடம் பேசவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குச் சமமான மூன்றாம் படிவம் தேறியிருந்தேன். மேலே படிக்க வைக்கவில்லை. அம்மாவோடும் அண்ணனோடும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் பட்டர்வொர்த்தை ஒட்டிய பிறையில் புதிதாகக் கட்டிய மின்னியல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க ஒரு வேன் வந்தது. மூன்றாம் படிவம் முடித்த பெண்கள் வேண்டும் என்றார்கள். கண்ணும் விரலும் நன்றாக இருக்க வேண்டுமாம். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பெயர் கொடுத்தோம். அவளும் நானும் ஒரே நாளில் பள்ளிக்கூடம் சேர்ந்தவர்கள்.

அதே வாரம் ஈப்போவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ஈயக் கப்பலில் வேலை. குட்டையில் மிதந்துகொண்டே அடிமண்ணைத் தோண்டி ஈயத்தைப் பிரித்தெடுக்கும் அந்த இரும்பு மாளிகையை அப்பா பார்த்ததுகூட இல்லை. ஆனால் ஈப்போவைப் பார்த்திருந்தார். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போனபோது, வழியில் இருந்த பங்களாக்களை எண்ணிக்கொண்டே நடந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் தம்பி வந்திருந்தார். பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர். ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு அவரும் அப்பாவும் உட்கார்ந்து ஊர்களை எடைபோட ஆரம்பித்தார்கள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஈப்போன்னா என்னான்னு நெனச்ச மச்சான்? ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ரெண்டு காரு நிக்கிது" என்றார் அப்பா.

"அந்தக் காரு யாரோடது? ஒங்க சம்பந்தி வீட்டுக் காரா?"

"பேச்சுக்குப் பேச்சு பேசாதலா. மண்ணுக்கடியில ஈயம் கெடக்கு. வெள்ளைக்காரன் தோண்டுனான், இப்ப நம்ம ஆளுங்க தோண்டுறான், இன்னும் நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் இருக்கும். ஒங்க ஊருல என்னா இருக்கு? சேறும் ஃபெர்ரியும்."

"அந்தச் சேத்த மூடித்தான் மச்சான் வரிசையா கிலாங்கு, பேக்டரின்னு கட்டுறான். ஜப்பான்காரன் வாரான், அமெரிக்காக்காரன் வாரான். ஈயத்த எடுத்தா அந்த எடம் குட்டைதான். பேக்டரி அப்படியா? இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒம்போது. புள்ள என் வீட்டுல தங்கட்டும். நான் பாத்துக்கறேன்."

"அவன் ஒரு நாளு மெஷினத் தூக்கிக்கிட்டுப் போயிருவான். அப்ப என் புள்ள என்ன செய்யும்? பொட்டப் புள்ள சம்பாரிச்சா நான் சோறு திங்கணும்?"

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "அவள ஒரு வார்த்த கேக்கலாம்ல?"

"கேட்டா அவ என்னா சொல்லப் போறா?" என்றார் அப்பா.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா என்னைப் பார்த்து, "மாமாவுக்குத் தேத்தண்ணி போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

பெயர் கொடுத்தவர்களைக் கூட்டிப்போக வேன் வந்த காலையில் அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டார். கோபம் எதுவும் இல்லை, சுருட்டுப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு துணிப்பையோடு வேனில் ஏறினாள். ஓட்டுநர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். நான் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேன் போய்விட்டது. தைக்குள் எனக்குக் கல்யாணம் முடிந்தது.

ஈப்போ மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்னார்களே, அவர் ஈப்போவில் இல்லை என்பது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பத்து காஜா என்ற ஊரையும் தாண்டி, சுற்றிலும் குட்டைகளும் வெள்ளை மணலும் உள்ள ஓர் இடத்தில் கம்பெனி கொடுத்த பலகை வீடு. ஈப்போவுக்குப் போவதென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். தோட்டத்திலிருந்து வந்தவளுக்கு அதுவும் ஒரு தோட்டம்தான். மரம் மட்டும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் சில வருடங்கள் நன்றாகவே போயின. என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். கப்பலின் ஒவ்வொரு சங்கிலியையும் பல்சக்கரத்தையும் பற்றி வீட்டுக்கு வந்து சொல்வார். மாதத்தில் ஒரு நாள் ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் காட்டி, இட்லி வாங்கித் தந்து, சேலைக்கடைகளைச் சுற்றிக் காட்டுவார். மின்விசிறி வாங்கினோம். ரேடியோ வாங்கினோம். மகள் பிறந்தாள். அப்பா வரும்போதெல்லாம் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, "அன்னிக்கு ஒங்க மாமா பேச்சக் கேட்டிருந்தா?" என்பார். நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். தீபாவளிக்குத் தோட்டத்துக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பெண் வந்திருப்பாள். கையில் கடிகாரம், முடியைத் தோள்வரை வெட்டியிருப்பாள். என் வயிறு எரியும்.

கப்பல் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஓடும். அந்த இரும்புச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் மத்தியானம் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அது நின்றது. பழுது பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் ஷிப்டு முடியும் முன்பே வந்தார். சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே இல்லை.

"ஈயம் வெல விழுந்திருச்சாம். தோண்டுறதுக்கு ஆகுற செலவுக்குக்கூடக் கட்டாதாம்" என்றார். "கொஞ்ச நாளைக்குத்தான். வெல ஏறிடும்."

ஏறவில்லை. மண்ணுக்கடியில் ஈயம் அப்படியேதான் கிடந்தது. அப்பா சொன்னது அந்த அளவில் சரிதான், எங்கும் ஓடிப்போகவில்லை. அதை வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நாலு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அப்போதுதான் நான் நிஜமாகவே ஈப்போவில் குடியேறினேன். ஒரு சீனர் வீட்டின் பின்பக்கத்தில் ஓர் அறை. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வேலை தேடிப் போவார். மரத்தொழிற்சாலை, சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடம், லாரிப் பட்டறை. போன இடத்திலெல்லாம் முன்பே ஈயக் கப்பல் ஆட்கள் வந்து நின்றார்கள். கப்பலில் சங்கிலி மாற்றத் தெரிந்தவருக்கு ஊரில் வேறு எந்த வேலையும் பொருந்தவில்லை. கல்லுடைக்கப் போனார், கொஞ்ச நாளில் இருமிக்கொண்டு திரும்பி வந்தார். நாங்கள் முன்பு சேலை வேடிக்கை பார்த்த தெருவில் கடைகள் ஒன்றிரண்டாகக் கதவைச் சாத்தின. பஸ் நிலையத்தில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற வண்டிகளில்தான் கூட்டம். ஊருக்குள் வருகிற வண்டிகளில் கிழவர்கள் இறங்கினார்கள்.

"பட்டர்வொர்த் போயிரலாம்ங்க. மாமா கூப்புடுறாரு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்க மாமன் வீட்டு வாசல்ல போயி நிக்கணுமா? அதுக்குக் கல்லு ஒடைக்கலாம்."

"கல்லும் இல்லியே."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வீட்டு வேலைக்குப் போனேன். செட்டிநாட்டுக் குடும்பம். பங்களா வீடு, வாசலில் இரண்டு கார்கள். அப்பா தைப்பூசத்தன்று எண்ணிய வீடுகளில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும். வருடக் கடைசியில் அந்தக் குடும்பம் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தது. பீங்கான் சாமான்களையெல்லாம் பழைய பேப்பரில் சுற்றி வைக்கச் சொன்னார்கள். சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "ஈப்போவுல இனிமே என்ன இருக்கு, சொல்லு?" என்றார். என்னிடம் ஒருவர் ஊரைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "பசங்க படிப்புக்கும் அங்கதான் நல்லது" என்று முடித்துக்கொண்டார். கடைசித் தட்டையும் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் லாரி வந்தது. எனக்கு வேலை போனது.

அன்று சாயங்காலம் மகளின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தேன். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்க போற?"

"பட்டர்வொர்த்துக்கு. நாளைக்கு ரயிலு. நீங்க வாரதுன்னா வாங்க."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. எழுந்து, மின்விசிறியைக் கயிறு போட்டுக் கட்டினார். மறுநாள் ரயில் பாகான் செராயில் நின்றபோது நான் வெளியே பார்க்கவில்லை.

மாமா இரண்டு மாதம் தன் வீட்டில் வைத்திருந்தார். ஒரு நாளும் பழைய பேச்சை எடுத்ததில்லை. அவர் எடுக்காததே எனக்கு வலித்தது. இவருக்குக் கண்டெய்னர் கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. எனக்குப் பிறைத் தொழிற்சாலையில் இடம் வாங்கிக் கொடுத்தவள் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண். இப்போது அவள் ஒரு வரிசைக்கே தலைவி. நுண்ணோக்கியில் பார்த்து, முடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலைக்கு என்னைச் சோதித்தார்கள். கம்பி என் கைக்கு அடங்கவில்லை. அந்த வேலைக்குச் சின்னப் பெண்கள்தான் சரி என்று சொல்லி, பெட்டியில் அடுக்குகிற பக்கம் போட்டார்கள். அங்கே பதினெட்டு வயதுப் பெண்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். தோட்டத்தில் வாடி போடி என்று பேசியவளை நான் எல்லார் முன்னாலும் 'லீடர்' என்று கூப்பிட வேண்டியிருந்தது.

கேன்டீனில் ஒரு நாள் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க எல்லாம் சினாங்கு, லேசுன்னு நெனைக்காத. ரெண்டு வருசத்துக்கு முன்ன எங்களயும் வீட்டுக்கு அனுப்பிட்டான். பாதிப் பேரத்தான் திரும்பக் கூப்புட்டான். அது வரைக்கும் நான் ரோட்டோரம் நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் வித்தேன்" என்றாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அப்பா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கிறது. ஆனால் அவள் பெயரில் ஒரு மலிவு விலை வீடு இருந்தது. யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிய வீடு.

நான் ஏதோ பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். அவள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்.

"அன்னிக்கு ஒங்கப்பா முன்வாசல்லதானடி நின்னாரு? பின்வாசல் தொறந்துதானே கெடந்துச்சு. நீ ஏன் வரல?"

அத்தனை வருடங்களில் அப்பாவைத் திட்டியிருக்கிறேன், ஈயத்தைத் திட்டியிருக்கிறேன். பின்வாசல் என் நினைவுக்கே வந்ததில்லை. எனக்கு அப்படி ஒன்று உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மட்டும் யார் சொல்லித்தந்தார்கள்?

தோட்டம் முழுதும் செம்பனையாகிவிட்ட பிறகு அப்பா பட்டர்வொர்த்துக்கு வந்து எங்களோடு ஒரு வாரம் இருந்தார். அதற்குள் நாங்களும் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். நான் ஷிப்டு முடிந்து வரும்போது இவர் சமைத்து வைத்திருந்தார். அப்பா தாழ்வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த ஊரு நல்லா வரும்னு நான் அப்பவே சொன்னேன் தம்பி. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் பேக்டரி. அதான் புள்ளய இங்க கொண்டாந்து விட்டேன். ஈப்போவெல்லாம் சூசா லா, பொழைக்க முடியாது. அங்க என்னா இருக்கு?"

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க எங்க கொண்டாந்து விட்டீங்கப்பா? ஈயக் கப்பலுக்குக் கட்டிக் குடுத்தீங்க. பட்டர்வொர்த்துக்கு நானா வந்தேன்."

பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. அவருக்கு நான் சொன்னது நிஜமாகவே நினைவில் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. என் வாழ்க்கையை எந்தப் பக்கம் அனுப்பினோம் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"என்னாமோ. ரெண்டும் ஊருதானே" என்றார்.

இவர் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டார். அப்பா இரண்டு தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளே புறப்பட்டுப் போய்விட்டார். டவுனுக்கு வந்து சம்பாதிக்க ஆரம்பித்ததும் எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று என் அண்ணனிடம் சொன்னாராம். அதன் பிறகு அவர் பட்டர்வொர்த் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.